பட்டன் மேஜை: சேரன்மகாதேவிப் பக்கத்து ரெசின் பட்டறை

சேரன்மகாதேவியைத் தாண்டிப் பத்தமடை போகிற வழியில் ஒரு கடைசல் பட்டறை இருக்கிறது. போர்டு எதுவும் கிடையாது. முன்பக்கம் தகப்பனார் கட்டில் காலும் தொட்டில் கம்பும் கடைகிறார். பின்பக்கம் தகரக் கொட்டகையில் மகன், ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகுகிற ரெசினில் மேஜை செய்கிறார். எங்கள் அப்பாவின் தையல் கடைச் சாமான்களை வைத்து அங்கேதான் ஒரு மேஜை செய்து வாங்கினோம். ஏழு வாரம் இழுத்தது, 17,800 ரூபாய் ஆனது, நடுவில் ஒருநாள் நான் அவரிடம் கோபமாகப் பேசிவிட்டும் வந்தேன். ஆனாலும் யார் கேட்டாலும் அந்தப் பட்டறையைத்தான் கை காட்டுகிறேன். ஏன் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். இந்த வேலை கொடுக்க நினைக்கிறவர்களுக்கு உதவும்.

அப்பா அம்பாசமுத்திரத்தில் நாற்பது வருஷம் கடை வைத்திருந்தார். 1979ல் திறந்தது. கண்ணில் புரை விழுந்து, ஊசியில் நூல் கோர்ப்பதே பாடாகிப் போனதும் 2019ல் மூடினோம். மெஷினின் தலையை, அப்பாவிடம் காஜா எடுக்கச் சின்னப் பையனாக வந்து இன்றைக்குக் கல்லிடைக்குறிச்சியில் சொந்தக் கடை வைத்திருப்பவர் வாங்கிக்கொண்டார். மோட்டார் வைத்த மேஜை அவரிடமே இருந்ததால், மிதிக்கிற இரும்புக் கால் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதோடு மூன்று பிஸ்கட் டப்பா.

அந்த டப்பாக்களில் இருந்தவை: சிப்பிப் பட்டன், சஃபாரி சூட்டுக்கு வைக்கிற பெரிய பழுப்புப் பட்டன், ஜாக்கெட் கொக்கி, பிரஸ் பட்டன், தேய்ந்த பாபின்கள், ஊசி குத்தாமல் விரலில் மாட்டுகிற பித்தளை அங்குஸ்தான், இஞ்ச் டேப்பின் அறுந்த பாதி, நீல மார்க்கிங் சாக்கு, மரத்தில் செய்த பழைய நூல் ரீல்கள். கூடவே அளவு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நீளம், தோள், மார்பு, கை என்று அப்பாவின் சாய்ந்த எழுத்து. ஓரத்தில் அந்தச் சட்டைத் துணியின் ஒரு விரல் அகலப் பிட்டு, குண்டூசியால் குத்தியிருக்கும். நான் பாளையங்கோட்டையில் வங்கி வேலையில் இருக்கிறேன். வார விடுமுறையில் ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா அந்த டப்பாக்களைத் தூசி தட்டித் திரும்ப வைப்பதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது. மிதிகால் அப்படியே இருக்கட்டும், மேலே புதுப் பலகை போட்டு அதில் இந்தச் சாமான்களை ரெசினுக்குள் பதித்துவிடலாம் என்று.

முதல் நாள் போனபோது டப்பாவை அப்படியே ரெசின் வேலை செய்கிற தம்பி முன்னால் கவிழ்த்தேன். விலை சொல்வார் என்று பார்த்தால், அவர் சாமான்களைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். இது வைக்கலாம், இது வைக்கலாம், இது வேண்டாம். நோட்டைக் கையில் எடுத்துப் புரட்டிவிட்டு மூடினார். "அக்கா, இத அப்படியே வச்சு ஊத்துனா பின்னால நீங்களே வந்து என்னய ஏசுவீய. அசலு வீட்ல இருக்கட்டும். நல்லா ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டாங்க."

காரணமும் சொன்னார். ரெசின் என்பது இரண்டு திரவம்: ஒன்று ரெசின், மற்றது ஹார்ட்னர். இரண்டையும் கலந்தால் தானாகச் சூடேறி இறுகும். இறுகுவதற்கு முன்னால் காகிதத்தில் ஊறிவிட்டால், எண்ணெய் பட்ட பலகாரப் பொட்டலம் மாதிரிக் காகிதம் கண்ணாடியாகி, பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரியும். அதனால் காகிதத்துக்கு இரண்டு பக்கமும் ஃபெவிகால் தடவி, காயவிட்டு, துளைகளை அடைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். இங்க்ஜெட் பிரிண்ட் எடுத்தால் மை கலையும். ஜெராக்ஸோ லேசர் பிரிண்டோதான் சரி. இதையெல்லாம் அவர் வாயால் சொன்னதோடு விடவில்லை. ஒரு பழைய தரை ஓட்டின் மேல் எங்கள் துணிப் பிட்டு நான்கையும் பட்டன் ஆறையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் வைத்து ஊற்றி, அடுத்த வாரம் வந்து பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தேன். வெள்ளை பாப்ளின் நனைந்த வேட்டி மாதிரி மங்கிப் போயிருந்தது. காக்கியும் மெரூனும் ஒரு நிறம் கூடி, நேற்றுத்தான் தானில் இருந்து வெட்டியது போல் இருந்தன. அதைப் பார்த்துத்தான் எந்தத் துணி மேஜைக்குப் போகும், எது டப்பாவிலேயே இருக்கும் என்று முடிவு செய்தோம். இந்தச் சோதனை ஓட்டுக்கு அவர் காசு வாங்கவில்லை. எந்தப் பட்டறையில் கொடுத்தாலும் இப்படி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

நான் இருக்கும்போதே இன்னொருவர் கல்யாண மாலையோடு வந்தார். முந்தின நாள் போட்ட மாலை, பூ இன்னும் வாடவில்லை. தம்பி மறுத்துவிட்டார். பச்சைப் பூவில் ஈரம் இருக்கும், உள்ளேயே பழுத்துப் போகும், ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல்லில் புதைத்து முழுக்க உலர்த்திக் கொண்டுவந்தால் செய்கிறேன் என்று அனுப்பினார். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஆளை நம்பிப் பொருளைக் கொடுக்கலாம். எனக்கு நம்பிக்கை வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

மர ரீல்களில் ஒரு சிக்கல் இருந்தது. மரம் ரெசினில் மிதக்கும். அதன் நடு ஓட்டையிலும் துளைகளிலும் இருக்கிற காற்று கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி வரும். அவருடைய தகப்பனார் ரீல்களை நெடுக்காக இரண்டாக அறுத்துக் கொடுத்தார். தட்டையான பக்கம் பலகையில் உட்கார்ந்தது. ஒட்டி, மேலே தூரிகையால் மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்து ஒருநாள் விட்டார்கள். அந்த ரீல்களைப் பார்த்ததும் அப்பாவுக்கு விக்கிரமசிங்கபுரம் மில்லின் சங்கு ஞாபகம் வந்துவிட்டது. பாபநாசத்தில் 1880களில் ஹார்வி கம்பெனியார் தொடங்கி, பின்னால் மதுரா கோட்ஸ் ஆன மில். ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் கடிகாரம் என்று சொல்லிக்கொண்டே ரீலை உருட்டிக்கொண்டிருந்தார்.

அடுக்குகிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்த மேஜையில் எனக்கு உயிரானது அந்த ஒரு நாள். ஒட்டி ஊற்றிவிட்டால் அப்புறம் ஒரு பட்டனைக்கூட நகர்த்த முடியாது என்பதால், வாடிக்கையாளரே வந்து அடுக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். நான் அப்பாவையும் அழைத்துப் போனேன். மூன்றடிக்கு ஒன்றரை அடிப் பலகை, 18 மில்லி மரைன் ப்ளைவுட், சுற்றிலும் தேக்குச் சட்டம். நான் நிறம் பார்த்து அடுக்க ஆரம்பித்தேன்: வெள்ளை, சந்தனம், பழுப்பு என்று. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏட்டி, அத அங்கன வைக்காத. அது பள்ளிக்கூடத்துப் பட்டன்."

புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அவருக்குக் கிட்டப் பார்வை சரியில்லை. விரலால் தடவித்தான் அடுக்கினார். நான்கு ஓட்டைப் பட்டனில் ஓட்டைக்கு நடுவே குழி இருந்தால் அது சட்டை, மேடாக இருந்தால் பேன்ட் என்று அவருக்கு ஒரு கணக்கு. கடையில் இழுப்பறைகள் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசை மேஜையில் வந்தது. இடது ஓரம் பள்ளிச் சீருடை. மே கடைசியில் ராத்திரி பத்து மணிவரை ஓடுகிற வேலை. அடுத்தது ஜாக்கெட் கொக்கிகள். நடுவில் சஃபாரி பட்டன்கள், அவற்றை ஒட்டிக் காக்கி பிட்டு. வலது ஓரத்தில் அங்குஸ்தான், அவர் வலது கை நடுவிரல் போகிற இடம். ஆட்டிறைச்சி வாங்குவதற்காக அம்மா எங்களை வீட்டுக்குச் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தாள். நாங்கள் கிளம்பும்போது மணி நாலு.

ஊற்றுவதையும் நின்று பார்த்தேன். ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் பார்த்தார். மின்விசிறியை நிறுத்தினார், தூசி விழும். கையுறை, முகமூடி இல்லாமல் அந்தக் கொட்டகைக்குள் யாரையும் விடுவதில்லை. ஹார்ட்னர் தொடர்ந்து தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமையாகிவிடும். காய்கறிக் கடையில் இருப்பது போன்ற மின்னணுத் தராசில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு எடை பார்த்து, பாத்திரத்தின் ஓரமும் அடியும் வழித்து வழித்துக் கலக்கினார். அளவு தப்பினாலும் ஓரத்தில் கலக்காத இடம் நின்றாலும் அந்த இடம் கடைசிவரை பிசுபிசுப்பாகவே இருக்கும். மொத்தம் 15 மில்லி உயரம், ஆறு கிலோவுக்கு மேல் பிடித்தது, மூன்று தடவையாக ஊற்றினார். அவர் வாங்குகிற ரகத்தை ஒரே தடவையில் அவ்வளவு கனமாக ஊற்றினால் சூடு தாங்காமல் மஞ்சளாகும், விரிசலும் விழும். அது எப்படி என்று அன்றைக்கே கண்ணால் பார்த்தேன். குவளை அடியில் மிஞ்சிய கலவையை ஓரமாக வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அது தானே புகைந்து, பிளாஸ்டிக் குவளையின் அடி இளகிச் சாய்ந்துவிட்டது. பலகையில் மெல்லிசாகப் பரவியது மட்டும் குளிர்ந்து கிடந்தது. பட்டன் ஓட்டைகளில் இருந்து வந்த கொப்புளங்களைச் சூடான காற்று அடிக்கிற ஹீட் கன்னால் ஒவ்வொன்றாக உடைத்தார்.

சரி, இனிக் குறைகள்.

மூன்று வாரம் என்றார், ஏழு வாரம் ஆனது. நாங்கள் கொடுத்தது ஐப்பசிக் கடைசி, கேட்கவா வேண்டும், அடைமழை. காற்றில் ஈரம் கூடினால் ரெசின் மேல் எண்ணெய் தடவியது போல் ஒரு வெள்ளை மங்கல் படியும். எங்கள் மேஜையில் இரண்டாவது அடுக்கில் அப்படிப் படிந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெயில் வருகிறவரை காத்திருந்து அடுத்ததை ஊற்றினார். செய்தது சரிதான். ஆனால் அந்தப் பத்து நாளும் அவர் போனை எடுக்கவே இல்லை. நான் நேரில் போய்ச் சத்தம் போட்டேன். மழை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஏன் போகப் போகிறேன்? மழைக்காலத்தில் ஆர்டர் எடுப்பதாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, ஈசல். கடைசி அடுக்கு ஊற்றிய அன்று சாயங்காலம் மழை விட்டதும் ட்யூப்லைட்டுக்கு ஈசல் வந்துவிட்டது. மூடி வைத்த பாலிதீன் ஒரு பக்கம் விலகி, இரண்டு ஈசல் உள்ளே விழுந்திருந்தன. ஒன்றை ஊசியால் எடுத்துவிட்டார். மற்றதன் ஒரு இறகு மட்டும் சிப்பிப் பட்டன் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. அதை அவரே காட்டிச் சொன்னார். தேய்த்து எடுத்துத் திரும்ப ஊற்றித் தருகிறேன், காசு வேண்டாம் என்றார். அப்பா குனிந்து விரலால் தடவிப் பார்த்து, கைக்குத் தட்டவில்லை, இருக்கட்டும் என்றுவிட்டார். சாய்ந்து பார்த்தால் அபிரகத் தகடு மாதிரி மின்னுகிறது. கொட்டகைக்கு நல்ல வலை ஒன்று அடிக்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்லிவிட்டு வந்தேன்.

கணக்கு இது: ரெசின் 5,400, பலகையும் சட்டமும் 3,200, மிதிகாலைத் துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்க 1,700, கூலி 7,500. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். 400 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 3000 நம்பர் வரை தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போட்ட கைவேலையைப் பார்த்தவர்கள் கூலி அதிகம் என்று சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. முதல் ஒரு வாரம் எதுவும் வைக்கக் கூடாது, முழுக்க இறுக அவ்வளவு நாள் வேண்டும் என்றார், வைக்கவில்லை. வெயில் நேராகப் படுகிற இடத்தில் போட்டால் நாள்பட மஞ்சளாகும் என்றதால் கிழக்கு ஜன்னலை விட்டு நகர்த்திப் போட்டோம். சூட்டுக்கும் ஆகாது. அடுப்பில் இருந்து இறக்கிய பால் சட்டியை அம்மா மறந்துபோய் வைத்ததில் ஒரு வட்டம் விழுந்துவிட்டது. ரெசின் மேஜையைச் சமையலறைக்கு வாங்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். இப்போது பத்தமடைப் பாய்த் துண்டு ஒன்று எப்போதும் மேலே கிடக்கிறது, சூடானது எதுவாக இருந்தாலும் அதன் மேல்தான்.

மிதிகாலை இறுக்கிக் கட்டிவிடட்டுமா என்று தம்பி கேட்டபோது வேண்டாம் என்று சொன்னது நல்லதாகப் போயிற்று. சாயங்காலம் காபி குடிக்கும்போது அப்பாவின் கால் தானாக அதை மிதித்துக்கொண்டிருக்கிறது.

மூன்று டப்பாவில் ஒன்றரை டப்பா இன்னும் மிச்சம் இருக்கிறது. அம்மா வாசலில் உட்கார ஒரு சின்ன ஸ்டூல் கேட்டிருக்கிறாள். மழைக்காலத்தில் வேண்டாம், பங்குனியில் கொண்டுவாருங்கள் என்று தம்பி சொல்லியிருக்கிறார். பங்குனி பிறந்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அடுக்க அப்பாவும் வருவார்.