கிரீனுக்கு எந்தப் புல்: பெர்முடாவா, பென்ட்கிராஸா?

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கோல்ஃப் கிரீன்களை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்பு) புதுப்பிக்க இறங்குபவர்களைக் குழப்பும் கேள்வி இது. பெர்முடா வேறொன்றுமில்லை, நம் அருகம்புல்லின் இனம்தான். பென்ட்கிராஸ் குளிர்பிரதேசத்து மெல்லிய புல்.

கோடை: பெர்முடாவுக்குக் கொண்டாட்டம். பென்ட்கிராஸின் வேர் வெயிலில் சுருங்கிவிடும். மதியம் லேசாக நீர் தெளிப்பது, விசிறி, பூஞ்சை மருந்து என்று ஆள் கூடவே நிற்க வேண்டும். ஆகஸ்டில் கொஞ்சம் அசந்தாலும் கிரீனே போய்விடும்.

குளிர்காலம்: பென்ட்கிராஸ் பச்சை மாறாது. பெர்முடா பழுப்பேறி உறங்கும். கடுங்குளிர் இரவுகளில் படுதா போட்டு மூட வேண்டும்.

மண் இறுகாமலிருக்கத் துளையிட்டு மணல் இடுவது: பெர்முடாவுக்குக் கோடையில்; பென்ட்கிராஸுக்கு வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும்.

அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக் கோல்ஃப் மைதானம் 2008-இல் பென்ட்கிராஸை விட்டு பெர்முடாவுக்கு மாறியது. அதே ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா நேஷனல் மைதானத்தில் 1981 முதல் பென்ட்கிராஸ்தான். ஆனால் அங்கே கோடையில் மைதானத்தையே மூடிவிடுகிறார்கள், கிரீனுக்கு அடியில் காற்றோட்டக் குழாய்களும் உண்டு.

சரி, கோடை முழுக்க ஆட்டம் நடக்கும் மைதானமா? பெர்முடாவே போடுங்கள். இரவில் குளிரும் மலைப்பகுதி என்றால் பென்ட்கிராஸ். பந்து உருளும் அந்த மென்மைக்கு ஈடில்லை.