டர்பன் கோல்ட் ஸ்டோர்ல பேலட் ஷட்டில்: 2023லேர்ந்து ஓட்டிப் பாத்ததுல தெரிஞ்சது

பேலட் ஷட்டில் போடலாமான்னு கேக்குறவங்க எல்லாரும் ஸ்பீடு எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும்னு தான் கேக்குறாங்க. நான் கேப்பேன், உங்ககிட்ட எத்தனை ஐட்டம் இருக்கு, ஒவ்வொண்ணும் எத்தனை பேலட் (சரக்கு அடுக்கற மரத் தட்டு) வரும்? அதுக்கு பதில் தெரியாம கொட்டேஷன் வாங்காதீங்க.

நாங்க இருக்கறது தென்னாப்பிரிக்கால டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்துல, மைனஸ் 20ல ஓடுற ஃப்ரோசன் ஸ்டோர். பெரும்பாலும் கப்பல்ல வர்ற கோழி, மீன், உருளைக்கிழங்கு சிப்ஸ். 2023 ஆரம்பத்துல பழைய ரேக்க எடுத்துட்டு ஒரு பெரிய ரூம்ல மட்டும் ஷட்டில் ரேக் போட்டோம். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ரேக்குக்குள்ள நீளமா தண்டவாளம் மாதிரி ரெயில் இருக்கும் (அந்த ஒரு வரிசைய தான் லேன்னு சொல்றோம்), அதுல தட்டையா ஒரு வண்டி ஓடும், ஃபோர்க்லிஃப்ட் வாசல்ல பேலட்ட வெச்சா வண்டி அடியில போய் லேசா தூக்கி உள்ள கொண்டு போய் வெச்சுட்டு வரும், ஃபோர்க்லிஃப்ட் உள்ளயே நுழையாது. (ஆட்டோஸ்டோர்னு நார்வேக்காரங்க பண்ண சிஸ்டம் வேற, அது ப்ளாஸ்டிக் டப்பாவ ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குறது, பேலட்டுக்கு ஆகாது.)

இடம் நிஜமாவே மிச்சம் தான். ரீச் ட்ரக் (உயரமான ரேக்குக்கான ஃபோர்க்லிஃப்ட்) ஓட சந்துக்கு சந்து சுமார் 3 மீட்டர் விடணும்ல, அது போச்சு. குளிரூட்டுற ரூம்ல காலி சந்தையும் சேத்து தானே கரண்ட் செலவு பண்ணி ஜில்லாக்குறோம், அதனால சாதா குடோன விட கோல்ட் ஸ்டோர்ல தான் இதுக்கு காசு திரும்புது. முன்னாடி டிரைவ்-இன் ரேக் இருந்தப்ப டிரைவர் ஃபோர்க்லிஃப்ட்டோட உள்ள நுழைஞ்சு தூண இடிச்சு வளைச்சு வெச்சுருவாங்க, மாசாமாசம் ஒரு ரிப்பேர், இப்ப அந்த பேச்சே இல்ல.

ஆனா வண்டி நிக்கறதுக்கு காரணம் பாதிக்கு மேல வண்டி இல்ல, பேலட். இங்க 1200க்கு 1000 மில்லிமீட்டர் மரப் பேலட் தான் வழக்கம். கன்டெய்னர்ல கோழி பெட்டி பெட்டியா தரையோட அடுக்கி வரும், டாக்ல (சரக்கு இறக்குற வாசல்) நாங்க தான் பேலட்ல ஏத்தி ஸ்ட்ரெச் ஃபிலிம் சுத்துறோம். ஒரு தடவை அடிப்பலகை ஒண்ணு ஆணி கழண்டு ஒரு பக்கம் தொங்கிட்டு இருந்துருக்கு, யாரும் குனிஞ்சு பாக்கல, வண்டி அத தூக்கிட்டு லேனோட கடைசி வரைக்கும் போற வழியில பலகை ரெயில்ல மாட்டி நடுவுல நின்னுடுச்சு, முன்னாடியும் போகாது பின்னாடியும் வராது, மேல ஒரு டன் சரக்கு. ரெஸ்க்யூக்குன்னு இன்னொரு ஷட்டில உள்ள விட்டு இழுத்தா வண்டி வருது, பலகை வரல. கடைசில எங்க மெயின்டனன்ஸ் அங்கிள் (டர்பன்ல சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர், ரிடையராக வேண்டிய வயசு, விட மாட்டேங்குறார்) ஃப்ரீசர் சூட் போட்டு, ஃபோர்க்லிஃப்ட் எல்லாத்தையும் சாவி எடுத்து நிறுத்திட்டு, உள்ள போய் பலகைய அறுத்து எடுத்தார். வெளிய வந்ததும், "தம்பி, மெஷின திட்டாத, பேலட்ட பாரு" அவ்வளவு தான். அதுலேர்ந்து டாக்ல ஒருத்தர் வேலையே அடிப்பலகை பாக்கறது, ஃபிலிமோட நுனி தொங்குதான்னு பாக்கறது. தொங்குற ஃபிலிம் சென்சார மறைச்சா வண்டி எதிர்ல ஏதோ இருக்குன்னு நினைச்சு நின்னுக்கும்.

அடுத்த தொல்லை டர்பன் காத்து. ஜனவரி, பிப்ரவரில டாக் பக்கம் புழுக்கம் தாங்காது. மைனஸ் 20ல இருந்த வண்டிய சர்வீஸுக்கு வெளிய எடுத்தா சென்சார் கண்ணாடி மேல தண்ணி கோத்துக்கும், காயாம திருப்பி உள்ள விட்டா அது அப்படியே பனியா உறைஞ்சுரும். இப்ப வண்டிய வெளிய எடுக்கறதே இல்ல, பேட்டரிய மட்டும் கழட்டி வெளிய சார்ஜ் போடறோம். லித்தியம் பேட்டரிய பூஜ்யத்துக்கு கீழ குளிர்ல சார்ஜ் பண்ணா செல் கெடும், அதுவும் ஒரு காரணம்.

2023ல லோட்ஷெடிங் (முறை வெச்சு கரண்ட் கட் பண்றது) உச்சத்துல இருந்துச்சே, அப்ப இந்த சிஸ்டம் எப்படியோன்னு பயந்தேன். வண்டி பேட்டரில ஓடுறதால அது பாட்டுக்கு ஓடுச்சு, ஆனா ஜெனரேட்டர் முதல்ல கம்ப்ரெசருக்கு தான், சார்ஜர், வண்டிக்கு ஆர்டர் அனுப்புற வைஃபை எல்லாம் லிஸ்ட்ல கீழ. வைஃபை ரௌட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போட்டதும் பாதி பிரச்சனை போயிடுச்சு, சப்ளையர் இத முன்னாடியே சொல்லிருக்கலாம்.

இப்ப அந்த ஐட்டம் கதைக்கு வர்றேன். ஒரு லேன்ல ஒரே சரக்கு, ஒரே பேட்ச் வெச்சா தான் லாபம். இங்க போலோனி (ஒரு வகை சாசேஜ்) செய்ய போற, எலும்புலேர்ந்து மெஷின்ல பிரிச்ச கோழிக்கறிக் கூழ் பெரும்பாலும் பிரேசில்லேர்ந்து தான், அதுக்குன்னே நீளமான லேன் எல்லாம் ஒதுக்கிருந்தோம். 2025 மே மாசம் பிரேசில்ல ஒரு பண்ணைல பறவைக்காய்ச்சல் வந்துச்சு, தென்னாப்பிரிக்கா இறக்குமதிய நிறுத்திடுச்சு. இருந்த ஸ்டாக் கரைய கரைய ஆழமான லேன்ல பின்னாடி நாலஞ்சு பேலட், முன்னாடி எல்லாம் காலி. காலியா இருக்கேன்னு வேற சரக்க முன்னாடி வெச்சா பின்னாடி இருக்கறத எடுக்க முதல்ல இத வெளிய இழுக்கணும். ஒரே வாசல்ல போட்டு அதே வாசல்ல எடுக்குற லேன்னா கடைசில வெச்சது தான் முதல்ல வரும், எக்ஸ்பைரி தேதி பாக்குற கஸ்டமர் இத ஒத்துக்க மாட்டான். பேப்பர்ல ரூம் முக்காவாசி காலி, ஆனா புது கஸ்டமர் பத்து வகை ஐஸ்க்ரீம் கொண்டு வந்தா வைக்க இடமில்லன்னு சொல்ல வேண்டிய நிலைமை. அப்புறம் தடைய தளர்த்துனாங்க, சரக்கு வந்துச்சு, லேனும் நிறைஞ்சுது. ஆனா அந்த வாரங்கள்ல பழைய சாதா ரேக் இருந்த ரூம் தான் கம்பெனிய காப்பாத்துச்சு. முழு ஸ்டோரையும் ஷட்டில் ஆக்கிடலாம்னு மேனேஜர் ஒரு ப்ளான் வெச்சிருந்தார், அது இப்ப டிராயர்ல.

ஆளுங்க விஷயத்துல நல்ல மாற்றம். ஈஸ்டர் சமயம் மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயில் திருவிழா, பாதி பேர் லீவு, முன்னாடி அந்த வாரம்னா தலைவலி, இப்ப ரெண்டு டிரைவர் இருந்தா லேன் ஓடிரும். குளிர்ல நிக்கற நேரமும் குறைஞ்சுது.

வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா ரெண்டு வாசல் உள்ள லேனா கேளுங்க, இடம் கொஞ்சம் போனாலும் பரவால்ல. ஷட்டில் ஒண்ணு எக்ஸ்ட்ரா அதே ஆர்டர்லயே போட்டுருங்க. எங்களுக்கு ஒரு சின்ன சென்சார் கேபிள் வெளிநாட்டுலேர்ந்து வர்ற வரைக்கும் ஒரு வண்டி மூலைல கிடந்துச்சு, இப்பவும் அந்த கேபிள லோக்கல்ல யாரும் ஸ்டாக் வெக்கல.