வன்னி முதலாளி தேர்தலில் இறங்கினால்: எந்த வாசல்?

அரிசி ஆலை, ஹாட்வெயார் கடை, எரிபொருள் நிலையம், வீதி ஒப்பந்தம் என்று காலூன்றிய ஒருவர் வன்னியில் தேர்தலுக்கு வர நினைத்தால் மூன்று வாசல்கள் உண்டு: பிரதேச சபைக்குக் கட்சி வேட்பாளராகப் போகலாம், அதே சபைக்குச் சுயேச்சைக் குழு அமைக்கலாம், நேரே பாராளுமன்றத்துக்கும் கேட்கலாம். ஆசை அதிகம் போவது மூன்றாவதில். ஒரு சந்தை, நாலைந்து கிராமம் என்ற அளவில் பெயர் உள்ளவருக்குப் பொருந்துவது இரண்டாவதுதான் என்பது எங்கள் முடிவு. வாக்கு எண்ணும் முறையே அதற்குக் காரணம்.

பாராளுமன்றத்தை முதலில் பார்ப்போம். வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு சேர்ந்தது. அங்குள்ள முதலாளிக்கு வேறு கணக்கு. வன்னிக்கு ஆசனம் 6, ஒரு பட்டியலில் 9 பேர். வாக்காளர் முதலில் கட்சிக்கோ குழுவுக்கோ புள்ளடி இடவேண்டும். பிறகு அந்தப் பட்டியலுக்குள் 3 பேர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். ஆகவே உங்கள் முதல் போட்டியாளர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, உங்கள் பக்கத்துப் பெயர்க்காரர்தான். மன்னாரில் கடை வைத்திருப்பவர் நூறு கிலோமீற்றருக்கு அப்பால் முல்லைத்தீவிலும் விருப்பு வாக்குத் தேடவேண்டும்.

ஆசனப் பங்கீடு இப்படி: முதலிடம் பெறும் பட்டியலுக்கு 1 போனஸ் ஆசனம். 5 சதவீதம் எட்டாத பட்டியல்களின் வாக்கைக் கழித்து, மிச்சத்தை 5ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்துக்குத் தேவையான வாக்கு வரும். அப்படியும் நிரம்பாத ஆசனங்கள் மீதி வாக்குக் கூடியவர்களுக்குப் போகும். வாக்கு சிதறச் சிதற இந்த மீதிதான் சிறிய பட்டியலைக் காப்பாற்றுகிறது. 2024 நவம்பரில் 6 ஆசனமும் 5 கட்சிகளுக்குப் பிரிந்தது: தேசிய மக்கள் சக்திக்கு 2, தமிழரசுக் கட்சி, ஐக்கிய மக்கள் சக்தி, ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி, இலங்கை தொழிற்கட்சி ஆகியவற்றுக்குத் தலா 1. ஒரே ஆசனம் எடுக்கக்கூடிய பட்டியலில் முதலாளி நின்றால், அதில் விருப்பு வாக்கில் முதலாவதாக வந்தாலொழிய வேலையில்லை. இரண்டாவதாக வருபவர் செலவழித்ததெல்லாம் முதலாமவரின் வெற்றிக்கு.

பாராளுமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்கக் கட்டுப்பணம் ஆளுக்கு 2,000 ரூபாய். 9 பேருக்கும் 18,000. காசு இங்கே தடையல்ல. மூன்று நிர்வாக மாவட்டங்களிலும் சேர்த்து 5 சதவீதம் எடுப்பதுதான் தடை. வீடு, சங்கு, திசைகாட்டி சனத்துக்குப் பழகிய சின்னங்கள். சுயேச்சையின் சின்னமோ வேட்புமனுவோடுதான் கைக்கு வரும். 2024இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அர்ச்சுனா இராமநாதனின் சுயேச்சைக் குழு ஓர் ஆசனம் எடுத்தது உண்மை. அவர் தேர்தலுக்கு முன்பே மாவட்டம் முழுக்கத் தெரிந்தவர். கடைப் பெயர்ப்பலகை அந்த அறிமுகத்தைத் தராது.

பிரதேச சபையில் நிலைமை தலைகீழ். ஆசனங்களில் 60 சதவீதம் வட்டாரத்துக்கு, 40 சதவீதம் பட்டியலுக்கு. ஒரே புள்ளடி, விருப்பு வாக்கு கிடையாது. வட்டாரத்தில் தோற்றாலும் உங்கள் வாக்கு சபை முழுவதற்குமான கூட்டுத்தொகையில் சேர்ந்து பட்டியல் ஆசனமாகலாம். அந்த ஆசனத்துக்கு யாரை அனுப்புவது என்று கட்சியில் தீர்மானிப்பவர் செயலாளர். சுயேச்சைக் குழுவில் குழுத் தலைவர். முதலாளியே குழுத் தலைவரானால் பேனா அவர் கையில். கட்சியில் நின்றால் மற்ற வட்டாரங்களின் சுவரொட்டிச் செலவும் அவர் தலையில் விழும், முடிவு மட்டும் வேறு இடத்தில் நடக்கும்.

கட்டுப்பணம் சுயேச்சைக்குக் கூட: ஆளுக்கு 5,000, கட்சிக்கு 1,500. 30 பெயர் என்றால் 150,000க்கு எதிரே 45,000. ஆனால் குழுக்கள் கவிழ்வது காசில் அல்ல, வேட்புமனுவில். கடையில் வேலை செய்யும் பொடியனையும் மருமகனையும் போட்டு வட்டாரங்களை நிரப்பினால் அந்தப் பெயர்கள் வாக்குக் கொண்டுவராது. பெண்களின் எண்ணிக்கை குறைந்தாலோ ஓர் ஆவணம் சரியில்லாமல் போனாலோ முழு வேட்புமனுவும் நிராகரிக்கப்படலாம். 2025இல் இளைஞர் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி உறுதிப்படுத்தப்படவில்லை என்று பல குழுக்கள் நீதிமன்றம் ஏறவேண்டி வந்தது. கடைசி நாள் நண்பகலில் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) ஓடாமல், இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள்.

மாகாண சபையை நம்பிக் காத்திருப்பது வழியே அல்ல. வடக்கில் கடைசித் தேர்தல் 2013 செப்டெம்பரில் நடந்தது.

எந்த வாசலானாலும் கடன் கொப்பி கூடவே வரும். காலபோகத்துக்கு உரமும் டீசலும் கடனாகக் கொடுத்து அறுவடையில் நெல்லாக எடுப்பது வன்னி வழமை. கொப்பியில் பெயருள்ளவரெல்லாம் உங்கள் வாக்காளர் என்று எண்ணாதீர்கள். விலை குறைத்து நெல்லெடுத்த கோபம் வாக்குச் சாவடியில்தான் வெளிவரும். அதற்காக வாக்குக் கேட்டுக் கடனைத் தள்ளுபடி செய்தால் அது தேர்தல் இலஞ்சம். வென்ற ஆசனமே பறிபோகலாம்.

அரச வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர் பாராளுமன்றத்துக்குக் கேட்கும் முன், அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரையைச் சட்டத்தரணியோடு இருந்து வாசிக்கவேண்டும். அரசுடனான ஒப்பந்தத்தில் நலன் இருப்பது தகுதியிழப்புக்குக் காரணமாகலாம். வெளிநாட்டில் இருந்து திரும்பிய முதலாளிகளுக்கு இன்னொன்று: இரட்டைக் குடியுரிமை இருந்தால் 2022இன் 21ஆம் திருத்தத்தின்படி பாராளுமன்ற வாசல் மூடியது.

செலவுக் கணக்கை முதல் நாளிலேயே தனிக் கொப்பியில் தொடங்குங்கள். 2023இன் 3ஆம் இலக்கச் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் தோற்றவரும் கணக்கறிக்கை கொடுக்கவேண்டும். சொந்த லொறி, கடை டீசல், தெரிந்தவர் இலவசமாக அடித்துத் தந்த துண்டுப்பிரசுரம் எல்லாவற்றுக்கும் பெறுமதி போட்டு எழுதுங்கள். கடைக் கணக்கோடு கலந்துவிட்டால் 21 நாளில் பிரித்தெடுக்க முடியாது.