செவ்வாய்ப்பேட்டை வரிசை வீடா, அழகாபுரம் அடுக்குமாடியா: ஒரு சுவரை வைத்து முடிவெடுத்த கதை

சேலத்தில் அழகாபுரம் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஆறு ஆண்டுகள் வாடகைக்கு இருந்துவிட்டு, நான்கு ஆண்டுகளுக்கு முன் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய வரிசை வீட்டை வாங்கிக் குடிவந்தோம். நாங்கள் வீடு தேடிக்கொண்டிருந்த அதே மாதத்தில், குடியிருந்த கட்டடத்திலேயே 980 சதுர அடி வீடு ஒன்றும் விற்பனைக்கு வந்தது. 16 அடி அகலமும் 62 அடி நீளமும் கொண்ட இந்த வரிசை வீட்டின் விலையும் ஏறத்தாழ அதே அளவுதான். எனவே எங்கள் முன் இருந்த இரண்டும் ஒரே பணத்துக்கான இரு தேர்வுகள். எதை எடுத்தோம் என்பதைச் சொல்லிவிட்டதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதும் வாசிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

வெளிப்படையான வேறுபாடுகளை நீட்டத் தேவையில்லை. அழகாபுரத்தில் தெருக்கள் அகலமானவை. கார் நிறுத்த இடமுண்டு. ஐந்து ரோடும் சாரதா கல்லூரிச் சாலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டையில் லீ பஜாருக்கு வரும் லாரிகளின் இரைச்சல் உண்டு, எங்கள் தெருவுக்குள் கார் நுழையாது, ஆடி மாதத்தில் மாரியம்மன் திருவிழா முடியும் வரை ஒலிபெருக்கி ஓயாது. மறுபுறம், மளிகையும் காய்கறியும் மருந்தும் நடந்துபோய் வாங்கும் தொலைவில் கிடைக்கின்றன. சேலம் மார்க்கெட் ரயில் நிலையமும் பழைய பேருந்து நிலையமும் அருகில் உள்ளன. கார் வைத்திருப்பவர்களும், மாடிப்படியோ உயரமான வாசற்படியோ ஏற முடியாத பெற்றோர் உடன் இருப்பவர்களும் அழகாபுரத்தையே பார்ப்பது நல்லது. எங்களிடம் இருப்பது இருசக்கர வண்டி மட்டுமே என்பதால் அந்தக் கேள்வி எங்களை வருத்தவில்லை. தண்ணீரைப் பொறுத்தவரை, மேட்டூரிலிருந்து வரும் நல்ல தண்ணீர் இரு இடங்களிலும் முறை வைத்துத்தான் வருகிறது. மற்றத் தேவைகளுக்கு இரண்டிலும் ஆழ்குழாய் உப்புத் தண்ணீர்தான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. அதிலும் குறிப்பாக, எதை யாருடன் பங்கிட்டுக்கொண்டு பராமரிக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வி. ‘தனி வீடு’ என்று தரகர்கள் சொன்னாலும், நகரத்தின் உட்பகுதியில் உள்ள வரிசை வீடு முழுக்கத் தனியானது கிடையாது. அடுக்குமாடியில் மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, மோட்டார், மின்தூக்கி, கழிவுநீர்க் குழாய் ஆகிய அனைத்தும் இருபத்து நான்கு குடும்பங்களுக்குப் பொது. வரிசை வீட்டில் பொதுவாக இருப்பது பக்கத்து வீட்டுக்காரருடன் பகிரும் ஒரு சுவர், சில வீடுகளில் இரு சுவர்கள்.

அழகாபுரத்தில் எங்களுக்கு நேர் மேல் வீட்டில், அதாவது கடைசி மாடியில், படுக்கையறைக் கூரை இரண்டு மழைக்காலங்கள் ஒழுகியது. மொட்டை மாடித் தளத்தைப் பெயர்த்து நீர்க்காப்புப் பூச்சு இடவேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். செலவைச் சமமாகப் பிரிப்பதா, வீட்டின் பரப்புக்கு ஏற்பப் பிரிப்பதா, கீழ்த்தளத்தில் இருப்பவர் கொடுக்க வேண்டுமா என்பதில்தான் கூட்டம் கூட்டமாகப் பேச்சு நீண்டது. வெளியூரில் இருந்த உரிமையாளர்கள் நால்வர் தொலைபேசியையே எடுக்கவில்லை. யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஒழுகல் தம் வீட்டில் இல்லாத இருபத்து மூன்று பேருக்கு அவசரம் இல்லை, அவ்வளவுதான். வேலை முடிந்தபோது மேல் வீட்டுக்காரரின் கூரையில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்று தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம் வழி செய்திருப்பது பெரிய ஆறுதல். ஆயினும் அந்த மூன்றில் இரண்டு பங்கைத் திரட்டும் அலைச்சலை ஒரு கூரைப் பூச்சுக்கே கண்ணால் கண்டவர்கள் நாங்கள்.

இனி வரிசை வீட்டின் சுவருக்கு வருகிறேன். இந்தப் பகுதியின் பழைய வீடுகளில் பொதுச்சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு ஒன்றரை அடி கனத்துக்குக் கட்டப்பட்டிருக்கும். இரு வீட்டு உத்திரக் கட்டைகளும் இரு பக்கத்திலிருந்தும் அதே சுவரில்தான் ஏறி அமர்ந்திருக்கும். சுவர் நனைந்தால் முதலில் கெடுவது அந்தக் கட்டைகளின் முனை. ஈரம் இருக்கும் இடத்துக்குக் கறையான் வருவதற்கு அதிக நாள் ஆகாது. ஆகவே, உள்ளே புதுப் பெயின்ட் அடித்து மின்னும் வீட்டைப் பார்க்கப் போகும்போது, கூடத்தின் அழகைப் பார்ப்பதை விட உத்திரம் சுவரில் நுழையும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

நாங்கள் முதலில் பேசி முடிக்கவிருந்தது இந்த வீட்டை அல்ல. இரண்டு தெரு தள்ளி, இருபுறமும் பொதுச்சுவர் கொண்ட வேறொரு வீட்டுக்கு முன்பணம் வரை போய்விட்டோம். அதன் மேற்குப் பக்கத்து வீட்டை இடித்துவிட்டு வாரிசுகள் கட்டாமலேயே விட்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. அந்தக் காலிமனைக்குள் இறங்கி நின்று பார்த்தபோதுதான், பூச்சு இல்லாத அந்தச் சுவர் முழுவதும் மழையில் கரைந்து, செங்கல் இடுக்கிலிருந்து காரை பொடிப்பொடியாக உதிர்வது தெரிந்தது. இடித்த வீட்டின் உத்திரங்களை உருவி எடுத்த ஏழு ஓட்டைகள் அப்படியே வாய் திறந்திருந்தன. இரண்டு ஓட்டைகளில் புறா முட்டையிட்டிருந்தது. நாளை அந்த மனையில் தூண் எழுப்ப ஆறடிக்குப் பள்ளம் தோண்டினால், அடித்தளம் ஆழமில்லாத இந்தப் பழைய சுவர் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, நாங்கள் அழைத்துப்போன பொறியாளர் ‘தாங்கும்’ என்று சொல்லத் துணியவில்லை. அன்றே விலகிக்கொண்டோம்.

இப்போது குடியிருக்கும் வீட்டின் மேற்கில் மூன்றடிச் சந்து இருக்கிறது. கிழக்குச் சுவர் மட்டும் பொது. அதிலும் குறை இல்லாமல் இல்லை. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. முன்பிருந்தவர்கள் அதை மறைக்கச் சிமென்ட் பூச்சு போட்டிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் உள்ளே போன ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். மேலே சிமென்டைப் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். மேஸ்திரி அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்து, மாசியிலிருந்து சித்திரை வரை செங்கல்லை வெறுமனே காயவிட்டார். காய்ந்த பின்னும் ஓரிடத்தில் மட்டும் கைவைத்தால் குளிர்ந்தது. அந்த இடத்துக்கு நேர் மறுபக்கம், பக்கத்து வீட்டு அம்மாள் பாத்திரம் கழுவும் இடம். அங்கே ஜலதாரையில் விழுந்திருந்த விரிசல் வழியாகப் பல ஆண்டுகளாகத் தண்ணீர் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று இரண்டு நாள் தயங்கிவிட்டுப் போய்ச் சொன்னேன். அவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “செவுரு உனக்கும் எனக்கும் பொதுதான சாமி. எங்க பக்கத்துத் தண்ணிக்கு உன்னைத் தனியா செலவு பண்ண விடுவனா? மேஸ்திரிய இந்தப் பக்கமும் வரச் சொல்லு” என்றார். ஜலதாரைச் செலவு அவருடையது, சுவர்ச் செலவில் ஆளுக்குப் பாதி என்று பத்து நிமிடத்தில் முடிந்தது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்புக் காரையை இரு பக்கமும் பூசி, மேலே வெள்ளையடித்தோம். என் பங்குக்கு எழுபதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆனது. அதன் பின் நான்கு ஐப்பசி மழை கடந்துவிட்டது. சுவர் காய்ந்தே இருக்கிறது. அடுக்குமாடியில் மாதம் 2,200 ரூபாய் பராமரிப்புத் தொகை கட்டியதோடு ஒப்பிட்டால் செலவில் பெரிய வேறுபாடு இல்லை என்றே சொல்வேன். வேறுபாடு, ஒரு முடிவுக்கு இருபத்து நான்கு கையெழுத்து வேண்டுமா, இரண்டு போதுமா என்பதில் இருக்கிறது.

எங்களுக்கு அமைந்த பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நான் உறுதி கூற முடியாது. அவருக்குப் பின் அந்த வீடு யார் கைக்குப் போகும் என்பதும் எங்கள் கையில் இல்லை. அதனால்தான், எவர் வீட்டை இடித்தாலும் சுவரை இடிக்காமல் தம் பக்கத்தில் தனிச்சுவர் எழுப்பிக்கொள்வது என்றும், வெளியே தெரியும் பக்கத்தை உடனே பூசிக் கொடுப்பது என்றும் முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்திருக்கிறோம். பதிவு செய்யாத அந்தத் தாள் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை. எங்களுக்கு அது இதுவரை ஒரு நினைவூட்டலாக மட்டுமே பயன்பட்டிருக்கிறது.

நிலத்தின் கணக்கும் இதே திசையில்தான் எங்களைத் தள்ளியது. அந்த அடுக்குமாடி வீட்டுடன் கிடைத்திருக்கக்கூடிய பிரிபடாத பாகம், அதாவது கட்டடம் நிற்கும் பொது மனையில் அந்த வீட்டுக்கு உரிய பங்கு, 410 சதுர அடி. இங்கே 992 சதுர அடியும் எங்கள் பெயரில். முத்திரைத்தீர்வை 7 விழுக்காட்டையும் பதிவுக்கட்டணத்தையும் கொடுத்து வாங்கும்போது, அதில் எவ்வளவு மண்ணுக்குப் போகிறது என்பது முக்கியம். ஆனால் பழைய வீட்டுக்குப் பத்திர வேலை பல மடங்கு அதிகம். சொத்தின் முந்தைய பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று இணையத்தில் 1975-க்கு முன் போகவில்லை; அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியே மனுப்போட்டு வாங்கினோம். விற்றவர்கள் ஐந்து உடன்பிறப்புகள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதற்கும் 2005-இலும் வந்த திருத்தங்களுக்குப் பிறகு, மணமாகிப் போன மகள்களின் கையெழுத்தை விட்டுவிட்டு வாங்குவது ஆபத்து. இரண்டு சகோதரிகளும் நேரில் வந்து கையெழுத்திடும் வரை, மூன்று மாதம் காத்திருந்தோம்.

மறுவிற்பனை பற்றி எனக்கு அனுபவம் இல்லை. கார் நுழையாத தெருவில், ஒரு பக்கம் பொதுச்சுவர் கொண்ட வீட்டுக்கு வாங்குபவர் குறைவாகவே இருப்பார் என்றும், அழகாபுரத்து வீடு விரைவில் கைமாறும் என்றும் எண்ணுகிறேன். ஐந்து ஆண்டுகளில் ஊர் மாறும் வாய்ப்புள்ளவர்களுக்கு நான் இந்த வீட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். அடுக்குமாடியிலும் நான் வாடகைக்காரனாகவே இருந்தேன். உரிமையாளர் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நல்ல சங்கம் அமைந்த கட்டடங்களில் நிலைமை வேறாக இருக்கலாம்.

வரிசை வீடே வேண்டும் என்று முடிவு செய்தவர்கள், மூலப்பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு எல்லைகளுக்கும் கீழே சுவரைப் பற்றி எழுதியிருப்பதைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். எங்கள் பத்திரத்தில் ‘கீழ்புறச் சுவர் பொது, மேல்புறச் சுவர் சொந்தம்’ என்று ஒரே வரி இருக்கிறது (பத்திர மொழியில் கீழ்புறம் கிழக்கு, மேல்புறம் மேற்கு). பக்கத்து வீட்டுப் பத்திரத்தையும் அவர்கள் அனுமதியோடு வாங்கிப் பார்த்தோம். அதில் ‘மேல்புறச் சுவர் பொது’ என்றிருந்தது. இரண்டு வரிகளும் ஒத்துப்போன பிறகே முன்பணம் கொடுத்தோம்.