கோலாலம்பூரின் எல்லாத் தெருவும் ஓட சிட்டிஸ்ட்ரைட்ஸ்: எந்தப் பாதை கணக்கில் வரும்?

ஒரு நகரத்தின் தெருக்களை ஒன்றுவிடாமல் ஓடி முடிக்க நினைப்பவர்கள் அதிகம் நாடும் சேவைகள் இரண்டு: சிட்டிஸ்ட்ரைட்ஸ், வாண்டரர். இரண்டுமே உங்கள் கைக்கடிகாரத்தில் பதிவான ஓட்டத்தை ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பதிவுச் செயலி வழியாக வாங்கி, யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கின்றன. கோலாலம்பூரில் ஓடுகிறவருக்கு நான் சிட்டிஸ்ட்ரைட்ஸைத்தான் சொல்வேன். ஆனால் எதைத் தெரு என்று அது ஏற்கிறது, எதைத் தள்ளிவிடுகிறது என்று புரிந்துகொண்டு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பங்சாரிலும் செந்தூலிலும் ஓடி முடித்த தெரு முடியாததாகவே நிற்கும், ஓடாத தெரு முடிந்ததாகக் காட்டும்.

முதல் விதி பெயர். வரைபடத்தில் பெயர் இல்லாத கோடு பட்டியலில் ஏறாது. பெயர் இருந்தாலும் ஃபுட்வே (நடைபாதை), பாத் (தடம்), சைக்கிள்வே, ஸ்டெப்ஸ் (படிக்கட்டு), மோட்டார்வே (அதிவேக நெடுஞ்சாலை) என்று வகைப்படுத்தப்பட்டவை வராது. 'அக்சஸ்' (நுழைவு அனுமதி) என்ற டேக்கில், அதாவது கோட்டுக்கு இட்ட குறிச்சொல்லில், 'பிரைவேட்' அல்லது 'நோ' என்று இருந்தாலும், 'ஃபுட்' என்பதில் 'நோ' என்று இருந்தாலும் வராது. பெடஸ்ட்ரியன் (நடப்பவர் தெரு) வகை மட்டும் விதிவிலக்கு: கார் நுழையாத கடைத்தெருவாக இருந்தாலும் பெயர் இருந்தால் எண்ணப்படும். ஒரு பாதை ஏன் பட்டியலில் இல்லை என்று தெரிய வேண்டுமா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் அந்தக் கோட்டைத் தட்டி டேக்குகளைப் பாருங்கள். பெரும்பாலும் பதில் அங்கேயே இருக்கும்.

கோலாலம்பூருக்கு இந்த விதி பெருமளவு பொருந்துகிறது. கடைவீடுகளின் பின்சந்து, அஞ்சடி (கடைமுன் கூரையிட்ட நடைவழி), கொண்டோ எனப்படும் அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்வழி, கார்பார்க் வழி எல்லாம் பொதுவாகப் பெயரில்லாதவை, ஆகவே கழிந்துவிடுகின்றன. விடியற்காலையில் எண்ணெய் வழுக்கும் பின்சந்தில், குப்பைத்தொட்டிக்கும் தெருநாய்க்கும் நடுவே ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. நட்டம் வேறு இடத்தில் வருகிறது. மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தை ஒட்டிய ஆற்றோர நடைபாதை, புக்கிட் கியாராவின் காட்டுத்தடங்கள் போன்றவை ஓட்டக்காரர்கள் விரும்பி ஓடும் பாதைகள். நகரத்தில் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் சதவீதத்தை அவை துளிகூட ஏற்றாது. அவையும் கணக்கில் வர வேண்டும் என்பவர் வாண்டரரைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். அது தெருவின் பெயரைப் பார்ப்பதில்லை. புதிதாக ஓடிய நீளத்தையே கணக்கிடுகிறது, பெயரில்லாத பாதைக்கும் இடம் தருகிறது. ஆனால் 'இந்தத் தெரு முடிந்தது' என்ற நிறைவு தரும் பட்டியல் சிட்டிஸ்ட்ரைட்ஸில்தான் இருக்கிறது.

அடுத்தது புள்ளிகள். பலர் தடுமாறுவது இங்கேதான். சிட்டிஸ்ட்ரைட்ஸ் ஒரு தெருவின் நீளத்தை அளப்பதில்லை. வரைபடத்தில் அந்தக் கோட்டை வரைந்தவர் வைத்த புள்ளிகளை எண்ணுகிறது. உங்கள் ஓட்டத்தடம் ஒரு புள்ளிக்குச் சுமார் 25 மீட்டருக்குள் வந்தால் அந்தப் புள்ளி கிடைத்துவிடும். 90 சதவீதப் புள்ளிகள் கிடைத்தால் தெரு முடிந்தது. வளைந்த தெருவில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், நேரான தெருவில் சந்திப்புகளில் மட்டும் இருக்கலாம். 9 புள்ளியுள்ள தெருவில் ஒன்று தவறினாலும் 88.9 சதவீதம்தான், முடியாது. 12 புள்ளியில் ஒன்று தவறினால் 91.7, முடிந்துவிடும். அதனால் சின்ன லோரோங்குகளில் (குறுக்குத் தெருக்களில்) ஒரு புள்ளியும் விடக்கூடாது. நெடிய சாலையில் அங்கங்கே விட்டாலும் தப்பிக்கலாம்.

தொடர்வீட்டுத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) இதற்கு ஒரு ஓட்டை உண்டு. ஏணி மாதிரி அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு நீண்ட சாலைகள், அவற்றை இணைக்கும் எட்டுப் பத்து நேரான லோரோங்குகள். ஒவ்வொரு லோரோங்குக்கும் இரு முனைகளில் மட்டும் புள்ளி இருந்தால், அந்த இரண்டு நீண்ட சாலைகளை ஓடினாலே போதும். லோரோங்குகள் அத்தனையும் முடிந்ததாகக் காட்டும், ஒன்றின் உள்ளேயும் நீங்கள் கால் வைத்திருக்க மாட்டீர்கள். இதை ஏற்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. முடிந்ததாகக் காட்டினாலும் முனையிலிருந்து முனைவரை ஓடுங்கள். எல்லாத் தெருவும் என்ற இலக்குக்கு வேறு பொருள் கிடையாது.

பின்சந்தில் ஓடி இரண்டு பக்கத் தெருவையும் ஒரே மூச்சில் பிடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 70 அடி ஆழமுள்ள மனை, 20 அடிப் பின்சந்து, 40 அடித் தெரு என்று வைத்துக்கொள்வோம். பின்சந்தின் நடுவிலிருந்து தெருவின் நடுவுக்கு 10, 70, 20 ஆக 100 அடி. அது 30 மீட்டருக்குச் சற்று அதிகம். ஜிபிஎஸ் தள்ளாடினால் ஒன்றிரண்டு புள்ளி சிக்கலாம், நம்பி ஓட முடியாது. அதே 25 மீட்டர் முட்டுச்சந்தில் கைகொடுக்கும். கடைசி வீட்டு வாசல்வரை போகாமல் இரண்டு வீடு முன்பே திரும்பினாலும் முனைப்புள்ளி கிடைக்கும். கட்டி வைக்காத நாய் இருக்கும் தெருவில் இது பெரிய நிம்மதி.

இனிக் கடினமான கேள்வி: ஜாகாவும் (காவலாளியும்) தடுப்புக் கம்பியும் உள்ள தாமான்கள். இவற்றில் இரண்டு வகை உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்று, 1985ஆம் ஆண்டு ஸ்திராத்தா (அடுக்கு உரிமை) சட்டத்தின் கீழ் அமைந்த வேலியிட்ட குடியிருப்பு. உள்ளே இருக்கும் சாலை அந்தக் குடியிருப்பாளர்களின் கூட்டுச்சொத்து. அதை 'பிரைவேட்' என்று குறிப்பதே சரி. அது உங்கள் பட்டியலிலும் இருக்க வேண்டாம். மற்றது, வீட்டுக்கு வீடு தனி நிலப்பட்டா உள்ள பழைய தாமான். குடியிருப்பாளர் சங்கம் சேர்ந்து ஜாகா வைத்து, கம்பி போட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் சாலை இன்னும் பொதுச்சாலைதான். கம்பியைப் பார்த்துவிட்டு யாராவது இதையும் 'பிரைவேட்' என்று குறித்துவிட்டால் தாமானே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். முதல் வகை குறிக்கப்படாமல் விடுபட்டால், ஓடவே முடியாத தெருக்கள் உங்கள் கணக்கில் தொங்கும்.

பிரித்தறிய, தெருமுனைப் பலகையைப் பாருங்கள். டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) வைத்த வழக்கமான பெயர்ப்பலகையும் மாநகராட்சித் தெருவிளக்கும் இருந்தால் பெரும்பாலும் பொதுச்சாலை. மேலாண்மை அலுவலகம், நீச்சல் குளம், சொந்தப் பாணியில் பெயர்ப்பலகை என்றால் பெரும்பாலும் ஸ்திராத்தா. கம்பியருகே ஓட்டத்தை நடையாகக் குறைத்து, ஜாகாவிடம் ஓடிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். பதிவேட்டில் பெயர் எழுதச் சொன்னால் எழுதலாம். மைகார்டை (அடையாள அட்டையை) விட்டுவிட்டுப் போகச் சொன்னால் திரும்பிவிடுவதே நல்லது. அவர் மறுத்தால் அங்கே நின்று சட்டம் பேச வேண்டாம், அவர் தன் வேலையைச் செய்கிறார். வேறு வாசல் திறந்திருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். இராணுவ முகாம், போலீஸ் குடியிருப்பு போன்றவற்றில் இந்த முயற்சியே கூடாது.

நுழைய முடியாத தெருவைக் கையால் முடித்ததாகக் குறிக்கும் வசதி சிட்டிஸ்ட்ரைட்ஸில் இருக்கிறது. அதைக் கடைசி வழியாக வையுங்கள். தெரு உண்மையிலேயே தனியார் சாலை என்றால் வரைபடத்தைத் திருத்துவதே முறை, அடுத்து ஓட வருகிறவருக்கும் அது உதவும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திருத்தும் ஐடி எடிட்டர் உலாவியிலேயே திறக்கும். கோட்டைத் தேர்ந்தெடுத்து, அக்சஸ் மதிப்பை மாற்றி, நேரில் கண்டதைக் குறிப்பில் ஒரு வரி எழுதிச் சேமிக்கலாம். திருத்தத் தயக்கமாக இருந்தால் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு குறிப்பு மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டு கட்டுப்பாடுகளை மட்டும் மீறக்கூடாது. சதவீதம் உயர வேண்டும் என்பதற்காக எந்தத் தெருவையும் தனியார் என்று மாற்றக்கூடாது. தெருப்பெயரைக் கூகுள் மேப்ஸிலிருந்தோ வேஸிலிருந்தோ பார்த்து எழுதக்கூடாது, அது காப்புரிமைச் சிக்கல். பலகையில் படித்ததை மட்டும் எழுதுங்கள். திருத்தம் சிட்டிஸ்ட்ரைட்ஸில் உடனே தெரியாது. அது நகரத்தின் தரவைப் புதுப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. ஒரே பெயருள்ள கோடுகள் ஒரே தெருவாகச் சேர்கின்றன, ஓர் எழுத்து மாறினாலும் இரண்டாகப் பிரிகின்றன. ஜாலான் துன் எச்.எஸ். லீ என்பதைப் புள்ளி வைத்தும் வைக்காமலும் எழுதினால் இரண்டு தெரு. 2014இல் ஜாலான் ஈப்போவின் ஒரு பகுதி ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா ஆனது. ஊர் வாயில் இன்னும் ஈப்போ ரோடுதான் என்றாலும் இங்கே அவை இரண்டு தனித் தெருக்கள், இரண்டையும் தனித்தனியே முடிக்க வேண்டும். நடுவே தடுப்புள்ள சாலையில் ஒவ்வொரு திசையும் தனிக்கோடு. பிரிக்ஃபீல்ட்ஸின் குறுகிய சந்துகளில் இந்தக் கவலை இல்லை. அகலமான சாலை என்றால் போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் ஓடுவதே பாதுகாப்பு.

பதிவு செய்யும்போது ஒரு வினாடிக்கு ஒரு பதிவு என்ற அமைப்பை வையுங்கள். நகர மையத்தில் உள்ள கேஎல்சிசியைச் சுற்றிய உயர்கட்டடங்களுக்கு நடுவே தடம் பக்கத்துத் தெருவுக்குத் தாவும். மேம்பாலத்தின் அடியில் ஓடினால் மேலே போகும் சாலையின் புள்ளியும் கிடைத்துவிடும், ஏனென்றால் உயரம் கணக்கில் இல்லை. ஸ்ட்ராவாவை இணைக்கும்போது தனிப்பட்ட பதிவுகளைப் பார்க்க அனுமதிக்கும் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால், தனியுரிமை வட்டத்துக்குள் மறைத்த பகுதி சிட்டிஸ்ட்ரைட்ஸுக்குப் போய்ச் சேராது. வீட்டைச் சுற்றிய தெருக்கள் எத்தனை முறை ஓடினாலும் முடியாமலே நிற்பதற்கு முதலில் சோதிக்க வேண்டிய காரணம் இது. இணைப்பைத் துண்டித்து, அந்தக் கட்டத்தை டிக் செய்து மறுபடி இணைக்க வேண்டும்.

எல்லையையும் ஒரு முறை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அம்பாங் பக்கமும் பெட்டாலிங் ஜெயா பக்கமும் கூட்டரசுப் பிரதேசம் முடிந்து சிலாங்கூர் தொடங்குவது ஓடுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஓடிய தெருக்கள் வேறு நகரத்தின் கணக்கில் போய்ச் சேரும்.