டச்சுக் கடலோரத்தை வாஷில் வரைய எந்த மை?

வாஷ் என்றால் நீர் கலந்து தூரிகையால் பூசும் மெல்லிய மைப்பூச்சு. மணல்மேடு, கரையேற்றிய மீன்படகு, தாளின் முக்கால் பங்கை விழுங்கும் வானம். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் இவற்றை வரைந்த மைகளில் முக்கியமானவை மூன்று: விறகுப் புகைக்கரியைக் காய்ச்சி வடித்த பிஸ்டர், மாசிக்காயும் அன்னபேதியும் பிசினும் சேர்ந்த இரும்பு மை, நுண்ணிய கரித்தூளைப் பசையில் கலந்த கரி மை. என் கையில் நிலைத்தது கரி மைதான்.

பிஸ்டரின் பழுப்பு மணலுக்கு அழகு. ஆனால் ஒருமுறை காய்ச்சிய நிறம் மறுமுறை வராது. வெயிலில் வெளிறவும் செய்யும்.

பேனாக் கோட்டின் கூர்மைக்கு இரும்பு மையை அடிக்க ஆளில்லை. ரெம்பிராண்டும் 1638-39 வாக்கில் அதைக் கையாண்டிருக்கிறார். வாஷில்தான் வம்பு. பூசும்போது வெளிறியிருந்து, காற்றுப்பட்டுப் பிறகு கறுக்கும். தூரத்து அலைக்கு வைத்த சாம்பல் மறுநாள் கிட்டத்து அலையாகிவிடும். பல ஆண்டுகளில் அதுவே பழுப்பாகும். இன்று பழுப்பாகத் தெரியும் பழைய கோடுகள் பல, வரைந்த அன்று கறுப்பு.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தாளைத் தின்பதை எப்படிப் பொறுப்பது? மையின் அமிலம் தாளின் செல்லுலோஸ் இழையை அறுக்கும், மிஞ்சிய இரும்பு அயனி ஆக்சிஜனேற்றத்தை முடுக்கும். முதலில் கோட்டைச் சுற்றிப் பழுப்பு வளையம், அடுத்து பின்பக்கம் வரை ஊறல், பிறகு விரிசல், கடைசியில் ஓட்டை. கெட்டியாக மை ஏறிய படகின் அடிநிழல்தான் முதலில் உதிரும். ஈரம் பட்டால் அயனி இன்னும் பரவும். இந்த அயனியைக் காட்டும் பாத்தோபீனாந்த்ரோலின் சோதனைத் தாளை லேசாக நனைத்து ஒற்றும்போது சிவந்தால் ஆபத்து மிச்சமிருக்கிறது. அதற்கு நெதர்லாந்தில் யோஹான் நேவல் வகுத்த கால்சியம் ஃபைட்டேட் குளியல் உண்டு. அது பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் வேலை, வீட்டில் வேண்டாம்.

கரிக்கு இந்தப் பாடு எதுவுமில்லை. வெளிறாது, தாளையும் தொடாது. யான் வான் ஹோயன் கறுப்புச் சாக்கட்டிக் கோட்டின் மேலும், மூத்த வில்லம் வான் டெ வெல்டே கிராஃபைட் கோட்டின் மேலும் பூசியது சாம்பல் வாஷைத்தான்.

மூன்று கிண்ணம் போதும்: ஒரு சொட்டு மைக்கு 30, 10, 3 சொட்டு நீர். காய்ச்சி வடித்த நீராக இருக்கட்டும். உப்பு நீரில் கரி திரிந்து புள்ளி புள்ளியாக நிற்கும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளின் நான்கு ஓரத்தையும் பலகையில் ஒட்டி, அடிவானத்தைக் கீழ்க் கால்பங்கில் வையுங்கள். வானத்தை ஈரத்திலேயே முடிக்கவும். அரைகுறையாய்க் காய்ந்த பூச்சில் மறுபடி தூரிகை வைத்தால் காலிஃப்ளவர் மாதிரி கறை விழும், அதை எடுக்க வழியில்லை. பேனாக் கோட்டுக்கு மட்டும் அரக்கு கலந்த மை. குச்சி மை, அதாவது பசையில் கட்டி, நீரில் உரைத்துப் பயன்படுத்தும் கரி மை; அதில் போட்ட கோடு வாஷில் கரையக்கூடும். அரக்கு மை தொட்ட தூரிகையை உடனே கழுவாவிட்டால் அது விளக்குமாறுதான்.

மணலுக்குப் பழுப்பு வேண்டுமென்றால் குச்சி மை வாஷில் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு மண் நிறமியின் நீர்வண்ணம் துளி சேர்க்கலாம். அதுவும் வெளிறாத நிறமி.