ஓட்டத்தால் வரும் கால் வலி: தசையை நீட்டுவதா, வலுவேற்றுவதா?

புதிதாக ஓடத் தொடங்கியவர்கள் முதல் சில வாரங்களில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் கால் வலியைப் பற்றியதாகவே இருக்கும். அதற்குக் கிடைக்கும் பதில்களும் பெரும்பாலும் இரண்டுதான். ஓடுவதற்கு முன்னும் பின்னும் நன்றாக ஸ்ட்ரெச்சிங் செய்தால் வலி வராது என்பார்கள் ஒரு சாரார். ஸ்ட்ரெச்சிங்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை, காலுக்கு வலுவேற்றும் பயிற்சிதான் வேண்டும் என்பார்கள் மறுசாரார். சென்னையிலோ மதுரையிலோ வெயில் ஏறுவதற்குள் ஓடி முடித்து, குளித்து, வேலைக்குக் கிளம்ப வேண்டிய ஒருவருக்கு ஓட்டம் போக மிஞ்சுவது கால் மணி நேரம். அதை எதற்குக் கொடுப்பது என்பதே இங்கே அலசப்படும் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலியைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் அந்த நேரத்தின் பெரும்பங்கு வலுப்பயிற்சிக்கே போக வேண்டும். நீட்சிப் பயிற்சிக்கும் வேலை உண்டு. ஆனால் அது நாம் வழக்கமாக அதனிடம் எதிர்பார்க்கும் வேலை அன்று.

ஒப்பிடுவதற்கு முன், எந்த வலியைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்வது அவசியம். ஓடிய அன்று பெரிதாகத் தெரியாமல், மறுநாள் காலையில் எழும்போது தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும் தசைக் கடுப்பு ஒன்று. ஓடத் தொடங்கும்போது காலை இறுக்கிப் பிடித்து, உடல் சூடேறியதும் விலகிவிடும் விறைப்பு மற்றொன்று. குதிகாலின் பின்புறத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்), உள்ளங்கால், முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பின் உள்விளிம்பு என்று ஓரிடத்திலேயே நின்று, வாரக்கணக்கில் விடாமல் தொடரும் வலி மூன்றாவது. இந்த மூன்றையும் "கால் வலி" என்ற ஒரே பெயரில் பேசுவதால்தான், ஒருவருக்குப் பலித்த வைத்தியம் இன்னொருவருக்குப் பலிக்காமல் போகிறது.

முதல் வகைக் கடுப்புக்கு லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்ற நம்பிக்கை இன்றும் வலுவாக இருக்கிறது. ஓட்டத்தின்போது இரத்தத்தில் கூடும் லாக்டேட், ஓட்டம் நின்ற ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு நாள் கழித்து உச்சம் பெறும் வலிக்கு அதைப் பொறுப்பாக்க முடியாது. தசை சுருங்க முயன்றுகொண்டிருக்கும்போதே சுமையால் இழுபட்டு நீளும் இயக்கத்தில்தான் அதன் இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன; அவற்றைச் சீர்செய்ய உடல் மேற்கொள்ளும் அழற்சியே மறுநாள் வலியாகத் தெரிகிறது. வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் ஏறி இறங்கியவர்கள் மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பலரும் பார்த்திருப்போம். ஏறியதால் வந்த வலி என்றே அவர்கள் நினைப்பார்கள். ஏறும்போது மூச்சு வாங்கியது உண்மைதான். ஆனால் தொடையைப் பதம் பார்த்தது இறக்கம். இறங்கும்போது உடலின் எடை கீழே விழுந்துவிடாமல் முன்தொடைத் தசை ஒவ்வோர் அடியிலும் பிரேக் பிடிக்கிறது, அதாவது நீண்டபடியே சுமை தாங்குகிறது. சமதளத்தில் ஓடும்போதும் ஒவ்வொரு முறை கால் தரையில் பதியும்போதும் இதே செயல் சிறிய அளவில், ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது.

இந்த விளக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நீட்சிப் பயிற்சியைப் பார்க்கலாம். உழைத்த தசை இறுகிப்போவதால் இரத்த ஓட்டம் குறைந்து வலி வருகிறது, தசையை நீட்டிவிட்டால் அந்தச் சுழற்சி முறியும் என்ற கருத்து 1960களில் பரவியது. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் சோதித்துப் பார்த்தபோது அது நிலைக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011இல் வெளியிட்ட மறுஆய்வு, இது தொடர்பான 12 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. அவற்றுள் 11 ஆய்வுகள் சிறியவை. ஒன்று மட்டும் 2,377 பேர் பங்கேற்ற பெரிய ஆய்வு. அந்தப் பெரிய ஆய்வில், பயிற்சிக்கு முன்னும் பின்னும் தசைகளை நீட்டியவர்களுக்கு ஒரு வாரத்தில் உணரப்பட்ட அதிகபட்ச வலி, 100 புள்ளி அளவுகோலில் சராசரியாக 4 புள்ளி குறைந்தது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் படி இறங்கும் ஒருவர் அதை உணர்வாரா என்பது ஐயமே. காயத்தைத் தடுப்பதிலும் நிலைமை இதுதான். ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை மட்டும் பயிற்சிக்கு முன் கால் தசைகளை நீட்டச் செய்து 12 வாரம் கவனித்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. இரு குழுக்களுக்கும் இடையே கால் காயங்களில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

அப்படியானால் நீட்டியவுடன் கிடைக்கும் அந்த ஆறுதல் பொய்யா என்றால், பொய் இல்லை. தொடர்ந்து சில வாரங்கள் நீட்சிப் பயிற்சி செய்பவரின் கால் முன்னைவிட அதிகமாக வளைவதற்கு முக்கியக் காரணம், தசை நீளமாகிவிட்டது என்பதைவிட, இழுக்கப்படும் உணர்வை நரம்பு மண்டலம் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டது என்பதே. அந்தப் பழக்கம் விறைப்பைக் குறைத்துக் காட்டுகிறது. நடு ஓட்டத்திலோ நள்ளிரவிலோ கெண்டைக்காலில் குரக்களி, அதாவது திடீர்த் தசைப்பிடிப்பு, வரும்போது, காலை நீட்டிப் பாதத்தை உடலை நோக்கி இழுத்துப் பிடிப்பதைவிட விரைவான நிவாரணம் வேறில்லை. இந்த இரண்டு இடங்களிலும், அதாவது விறைப்பிலும் குரக்களியிலும், நீட்சிக்கே முதலிடம் கொடுப்பேன்.

ஆனால் அதையும் சரியாகச் செய்பவர்கள் குறைவு. சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி முன்சாயும் நீட்சியைப் பூங்காக்களில் அடிக்கடி காணலாம். பின்காலின் முழங்கால் நேராக இருக்கும்போது இழுபடுவது கெண்டைக்காலின் மேல்தசை. அது முழங்காலைக் கடந்து தொடையெலும்பில் போய் இணைவதால் முழங்கால் நிமிர்ந்தால்தான் முழுதாக நீளும். அதற்கு அடியில் உள்ள தசை முழங்காலைக் கடப்பதில்லை. ஓட்டத்தில் மிகுதியாக உழைப்பது இந்த அடித்தசைதான். அதை நீட்ட வேண்டுமானால், குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் பின்காலின் முழங்காலைச் சற்று மடக்க வேண்டும். மடக்கிய உடனே இழுப்பு கெண்டைக்காலின் மேற்புறத்திலிருந்து கீழிறங்கி, குதிகாலுக்குச் சற்று மேலே தெரியும். இந்த இரண்டாவது நிலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, "தினமும் ஸ்ட்ரெச் செய்கிறேன், கீழ்க்கால் இறுக்கம் போகவில்லை" என்று சொல்பவர்கள் பலர்.

செய்யும் நேரமும் முக்கியம். ஒரே நிலையில் 60 விநாடிக்கு மேல் நீட்டி நிறுத்தினால் அந்தத் தசையின் விசை சிறிது நேரத்துக்குக் குறைகிறது. ஆகவே ஓட்டத்துக்கு முன் அசையாமல் நிறுத்தும் நீட்சியைத் தவிர்த்து, வேக நடை, காலை முன்னும் பின்னும் வீசுதல், முழங்காலை உயர்த்தி நடத்தல் ஆகியவற்றால் உடலைச் சூடேற்றிக்கொள்வது மேல். நிறுத்தி நீட்டுவதை ஓட்டம் முடிந்த பிறகோ மாலையிலோ வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே கடுத்துக்கிடக்கும் தசையைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பதில் எந்த நன்மையும் இல்லை. அன்றைக்கு மெதுவான நடையே நல்லது.

வலுப்பயிற்சி வலியைக் குறைக்கும் விதம் அடிப்படையிலேயே வேறானது. அது வந்த வலியைத் தணிப்பதில்லை. வலியை உண்டாக்கும் சுமையைத் தாங்கும் திறனைக் கூட்டுகிறது. நீண்டபடியே சுமை தாங்கும் பயிற்சியை ஒரு தசை ஒரு முறை செய்துவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே அளவு வேலை அதற்கு முன்னைவிடக் குறைவான சிதைவையும் குறைவான வலியையுமே தருகிறது. உடலின் இந்தத் தற்காப்பு உடற்பயிற்சி ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் உறுதியானது. மலைப்பாதை ஓட்டப் போட்டிக்கு முன்னதாகவே அளவான இறக்க ஓட்டத்தையும் படி இறங்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவே காரணம். கடற்கரைச் சாலையின் சமதளத்திலேயே ஓடிப் பழகிவிட்டு நேரே ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போகிறவருக்கு, எவ்வளவு நீட்சிப் பயிற்சி செய்திருந்தாலும், அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

காயத் தடுப்பிலும் சான்றுகள் வலுப்பயிற்சியின் பக்கமே நிற்கின்றன. 25 ஆய்வுகளில் பங்கேற்ற 26,610 பேரின் தரவுகளைத் திரட்டி 2014இல் வெளிவந்த தொகுப்பாய்வு, வலுப்பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்ததாகவும், நீட்சிப் பயிற்சியால் அப்படி எந்தப் பலனும் தென்படவில்லை என்றும் கண்டது. அவர்களில் பலர் கால்பந்து போன்ற ஆட்டங்களை ஆடியவர்கள். ஆகையால் அந்த எண்ணை அப்படியே நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர்த்து வைத்துவிடக் கூடாது. இருந்தாலும் இரண்டுக்கும் இடையிலான இடைவெளி மிகப் பெரியது.

மூன்றாம் வகை வலியில்தான் ஒப்பீடு சுவையாகிறது, ஏனென்றால் இங்கே இரண்டும் நேருக்கு நேர் மோதியிருக்கின்றன. உள்ளங்கால் சவ்வு அழற்சியால் குதிகால் வலித்த 48 பேரிடம் டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவினர் உள்ளங்காலை நீட்டும் பயிற்சியைச் செய்தனர். மற்றொரு குழுவினர் விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் குதிகாலை மெதுவாக உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தனர். மூன்று மாத முடிவில் வலுவேற்றியவர்கள் தெளிவாக முன்னிலையில் இருந்தனர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்திருந்தனர். வலியோடு கழியும் மாதங்களைக் குறைத்துக்கொள்ள விரும்புபவருக்கு இதில் தேர்வு எளிது.

குதிகால் தசைநாண் வலிக்கு 1998இல் ஸ்வீடனில் வெளியான முறையை இன்றும் உலகெங்கும் உடலியக்க மருத்துவர்கள் கையாள்கிறார்கள். படிக்கட்டின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதி மட்டும் பதியுமாறு நிற்க வேண்டும். குதிகால் வெளியே அந்தரத்தில் இருக்கும். வலியில்லாத காலால் உந்தி நுனிக்காலில் எழுந்து, எடையை வலியுள்ள காலுக்கு மாற்றி, அந்தக் குதிகாலைப் படியின் மட்டத்துக்குக் கீழே வரை மெல்ல இறக்க வேண்டும். மேலே ஏற மீண்டும் மற்ற காலையே பயன்படுத்த வேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கி அதே அளவு, ஒரு நாளைக்கு இரு வேளை, 12 வாரம். முதலில் அதைச் செய்த 15 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களும் அந்த 12 வார முடிவில் பழையபடி ஓடத் தொடங்கினர். உற்றுப் பார்த்தால், குதிகால் படிக்குக் கீழே போகும் அந்தக் கணத்தில் தசை நீளவும் செய்கிறது, சுமையும் தாங்குகிறது. வலுப்பயிற்சியை முழு வீச்சில் செய்யும்போது நீட்சியின் பலனும் கூடவே வருகிறது என்பதை 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வும் காட்டியது: மூட்டுகளின் அசைவெல்லையைக் கூட்டுவதில் வலுப்பயிற்சிக்கும் நீட்சிப் பயிற்சிக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கால் மணி நேரம்தான் இருக்கிறது என்பவருக்கு, என் பார்வையில், வாதம் இங்கேயே முடிந்துவிடுகிறது.

வலுப்பயிற்சிக்கு உள்ள குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் சில தடவைகள் அதுவே கடுப்பைத் தரும். கடுப்பைக் குறைக்கவென்று தொடங்கியவர் அதைக் கண்டு மிரண்டு நிறுத்திவிடுவது சாதாரணம். ஆகவே பாதி அளவில் தொடங்கி வாரவாரம் கூட்ட வேண்டும், நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய நாளில் செய்யக் கூடாது. முழங்கால் உள்நோக்கிச் சரிய, அவசரத்தில் செய்யப்படும் பஸ்கி (குந்தி எழும் பயிற்சி) வேறு வலியைக் கொண்டுவந்து சேர்க்கும். நீட்சியைத் தவறாகச் செய்தால் பெரும்பாலும் பலன் கிடைக்காது, அவ்வளவே. பாரத்தோடு செய்யும் பயிற்சியில் தவறினால் இழப்பு அதிகம்.

இதற்கு ஜிம் கட்டாயமில்லை. தோப்புக்கரணத்தை நிதானமாக, குறிப்பாக இறங்கும் பகுதியை மூன்று நான்கு விநாடி நீட்டிச் செய்தால் முன்தொடைக்கும் புட்டத் தசைக்கும் நல்ல தொடக்கம். அது எளிதானதும் ஒற்றைக் காலில் படி இறங்குவதற்கும், கையில் தண்ணீர்க் குடுவையோ பையோ ஏந்திச் செய்வதற்கும் போகலாம். பின்தொடைக்கு, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தும் பாலம் போன்ற பயிற்சி போதும். கெண்டைக்காலுக்கு ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதைவிடச் சிறந்தது இல்லை. ஓடும்போது அங்குள்ள தசைநாண் உடல் எடையைப்போல் ஆறு மடங்குக்கும் மேற்பட்ட விசையைத் தாங்குகிறது என்பதால், இருப்பதே கால் மணி நேரம் என்றாலும் இதை விட்டுவிடக் கூடாது.

யார் எதற்கு முன்னுரிமை தரலாம் என்றால், 40 வயதைக் கடந்தவர்களுக்கு வலுப்பயிற்சியை அழுத்தமாகவே பரிந்துரைப்பேன், ஏனெனில் வயது ஏற ஏறக் குறைவது தசை வலுதான். நெடுநாள் யோகாசனம் செய்து உடல் நன்றாக வளைபவர்களும் அப்படியே. அவர்களுக்கு, உட்கார்ந்து காலை நீட்டி முன்குனியும் இன்னொரு பஸ்சிமோத்தாசனத்தால் கால் கடுப்பு குறையப்போவதில்லை. நாள் முழுதும் நாற்காலியில் இருந்து, குதிகாலைத் தரையில் பதித்துக் குந்தி உட்கார இயலாத அளவுக்குக் கணுக்கால் இறுகியவர்கள் மட்டும் முதல் சில வாரங்கள் நீட்சிக்குக் கூடுதல் நேரம் கொடுக்கலாம். அவர்களுக்கும் வாரத்துக்கு இரண்டு நாள் வலுப்பயிற்சி இருக்கட்டும்.

இரண்டில் எதையும் செய்யாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலைகளும் உண்டு. ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய அளவுக்கு எலும்பின் ஒரே புள்ளியில் வலி இருந்து, ஓய்விலும் இரவிலும் தொடர்ந்தால் அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்த உறைவு இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். கடுமையான ஓட்டத்துக்குப் பின் தசை வலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ தேநீர் நிறத்திலோ போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், ஏனெனில் சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.